ரெண்டு பாட்டிலும் மணியடிச்சா

இல்லை இல்லை, வார்டுக்குப் போகாதே பத்ரி. உங்கண்ணா அங்க இல்லை. உள்ள அழைச்சுண்டு போயிருக்கா, ஏதோ ஸ்கேன்னு. நாழியாகும். அதான் உனக்கு ஃபோன் பண்ணி நேரா ரெண்டாவது மாடிக்கு வரச் சொன்னேன். இந்தக் கதவு வழியாத்தான் வெளிய கொண்டு வருவா. உக்காரு. அது ஆடற நாற்காலி, இதுல உக்காரு. மெட்ரோல கூட்டமா? ஜனக்புரிலேர்ந்து இந்த நேரத்துக்கு நின்னுண்டுதான் வந்திருப்பே.

இந்தா, இட்லி. நேத்திக்கு ஆத்துலேர்ந்து கொண்டு வந்தது, மொளகாப்பொடி தடவியிருக்கு. அப்புறமா? அச்சா, பக்கத்துல வெச்சுக்கோ. அந்தப் பையைக் கொஞ்சம் மடியிலேர்ந்து எறக்கித்தான் வையேன், யாரும் தூக்கிண்டு போகமாட்டா. வேண்டாமா? சரி, உன் இஷ்டம்.

என்ன சொல்லிண்டிருந்தேன் ஃபோன்ல? ஆங், மணி. மணி அடிச்சுதுன்னு சொன்னேனோல்லியோ, அதுக்குள்ள நீ வண்டி வந்துடுத்து மன்னின்னு வெச்சுட்டே. நம்ம கதை இப்படித்தான் ஆயிடுத்து. நீ கார்த்தால வர, நான் ஆத்துக்குப் போய்த் தளிகை பண்ணி, குளிச்சு, சாயங்காலம் வரேன். ரெண்டு பேரும் லிஃப்ட் வாசல்லதான் பாத்துக்கறோம். டாக்டர் சொல்றதுல பாதி உன் காதுல விழறது, பாதி என் காதுல. அதான் இன்னிக்கு உக்காத்தி வெச்சு முழுசாச் சொல்றேன். ஸ்கேன் முடியற வரைக்கும் நமக்கு வேற வேலை இல்லை.

உங்கண்ணாவுக்குக் கிட்னி போனதும், மார்ல குழாய் வெச்சதும் உனக்குத் தெரியும். வலது பக்கம் கழுத்து நரம்புக்குள்ள போய், மார்ல வெளிய வரதே, அந்தக் குழாய். அது வழியாத்தான் மெஷின் ரத்தத்தை இழுத்து சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்பறது. எடது பக்கம் நரம்பு அடைச்சுப் போச்சு. கையில ரெண்டு நரம்பைச் சேத்துத் தெச்சிருக்காளே, அது இன்னும் தயாராகலை. ஆக மொத்தம் இப்போதைக்கு அவருக்கு இருக்கற வாசல் அந்த ஒரு குழாய்தான். அதை எடுத்தா அடுத்தது எங்கேன்னு கேட்டா, பெரிய டாக்டர் தொடையைக் காமிக்கறார். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்குமாம்.

இது தெரிஞ்சாத்தான் மீதி புரியும், அதுக்காகச் சொன்னேன்.

இங்க சேத்து ஒரு வாரம் கழிச்சு ஜுரம் வந்துது பார், அன்னிக்கு ராத்திரியே ரத்தம் எடுத்தா. ரெண்டு எடத்துலேர்ந்து. குழாய்லேர்ந்து ஒண்ணு, கையிலேர்ந்து ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா பாட்டில்ல விட்டு, கீழ லேப்ல ஒரு பொட்டி இருக்காம், கோழி அடைகாக்கற மாதிரி, அதுக்குள்ள வெச்சுடுவா. ரத்தத்துல கிருமி இருந்தா அது அங்க வளரும். வளந்தா மெஷின் மணி அடிக்கும். ஸ்ம்ருதி சொன்னா. நம்ம ஸ்ம்ருதிதான், அந்த சின்ன டாக்டர். லக்ஷ்மிபாய் நகர்ல வளந்த பொண்ணு, பாட்டி தாத்தா எல்லாம் கும்பகோணம். தமிழ்தான் தத்துபித்து. மாமி, கிருமி வளர்றான், மாமி, பாட்டில் பேசறான், அப்படின்னு எல்லாத்தையும் ஆம்பளை ஆக்கிடுவா. ஆனா கெட்டிக்காரி. கேட்டா பொறுமையா பதில் சொல்வா.

நான் கேட்டேன், எதுக்கும்மா ரெண்டு எடம், ஒரு எடத்துலேர்ந்து எடுத்தாப் போறாதோன்னு. அதுக்கு அவ சொன்னா, நம்ம தோல்லயே கிருமி இருக்கு மாமி, எல்லார் தோல்லயும் இருக்கு. ஊசி குத்தறச்சே அது ஒட்டிண்டு பாட்டிலுக்குள்ள போயிடும். அப்போ பாட்டில்ல கிருமி இருக்கும், ஆனா ஆள் ரத்தத்துல இருக்காது. அதுக்குப் பேர் கன்டாமினேஷன். நிஜ நோய் இல்லை. ரெண்டு எடத்துலேர்ந்து எடுத்து, ரெண்டுலயும் அதே கிருமி வந்தா, நம்பலாம். ஒண்ணுல மட்டும் வந்தா, அதுவும் சாதாரணமா வெளிய திரியற கிருமியா இருந்தா, சந்தேகப்படணும்.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு பத்ரி. சிரிக்காதே. விஜிலன்ஸ் செக்ஷன்ல ரிட்டயர் ஆற வரைக்கும் நான் பண்ணின வேலையே இதுதான். ஒருத்தன் மேல மொட்டைக் கடுதாசி வரும். உடனே நம்பிடுவோமா? அதே விஷயத்தை, இவனுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லாத இன்னொருத்தன் சொல்லணும். சொன்னா ஃபைல் தெறக்கும். சொல்லலைன்னா கட்டி வெச்சுடுவோம். ஆனா அதுல ஒண்ணு இருக்கு, அது ஸ்ம்ருதிக்குத் தெரியாது. கட்டி வெச்ச ஃபைல் எல்லாம் பொய்ப் புகார்னு அர்த்தம் இல்லை. எத்தனையோ திருடன் அதுல ஜம்முனு படுத்துத் தூங்கிண்டிருப்பான்.

மொதல் தடவை என்னாச்சு? குழாய்லேர்ந்து எடுத்த பாட்டில் மணி அடிச்சுது. கையிலேர்ந்து எடுத்தது கம்முனு இருந்தது. என்ன கிருமின்னு பாத்தா, மண்ணுல இருக்கற கிருமியாம். தோட்டத்து மண்ணு, தெருப் புழுதி, அங்கெல்லாம் இருக்குமாம். ஒடனே சொல்லிட்டா, மாமி, டென்ஷன் வேண்டாம், இவன் சும்மா வந்தவன், கன்டாமினேஷன். மருந்தை நிறுத்தினா. யார் மேல பழி? ரத்தம் எடுத்தானே அபிஷேக், அந்தப் பையா மேல. குழாய் மூடியைச் சரியாத் தொடைக்காம எடுத்திருக்கேன்னு சூப்பர்வைசர் நிக்க வெச்சு விளாசினார். கல்யாணமாகி ரெண்டு குழந்தை இருக்கு அவனுக்கு. மாதாஜி, நான் நன்னாத்தான் தொடைச்சேன், பகவான் மேல சத்தியம்னு என்கிட்ட வந்து சொல்றான்.

நான் நம்பலை. யாரையா? யாரையுமேதான். அவனையும் நம்பலை, கன்டாமினேஷனையும் நம்பலை. அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்கலை பத்ரி. அதைச் சொல்லிட்டா யாரும் எதையும் தேட வேண்டாம் பாரு. நோயாளிக்கு நோய் இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தப்பு இல்லை, ஒரு ஏழை மூடியைச் சரியாத் தொடைக்கலை, அவ்வளவுதான். ஃபைல் க்ளோஸ். அப்படி சுலபமா மூடற ஃபைலை நான் எத்தனை பாத்திருக்கேன்.

அன்னிலேர்ந்து நான் உளவாளி மாதிரி ஆயிட்டேன். ராத்திரி ட்யூட்டி சிஸ்டர் ஃபோனைப் பாத்துண்டே கையுறை போட்டுக்கறாளான்னு பாத்தேன். ஸ்பிரிட் பாட்டில் மூடி தெறந்து கெடக்கான்னு பாத்தேன். பஞ்சு டப்பாவை மோந்து பாத்தேன், அதுக்கு அந்த சிஸ்டர் என்னைப் பாத்த பார்வை இருக்கே! கூட்டறவ பக்கெட்டைக் கூட விடலை. ஆண்ட்டி ஜாசூஸ், துப்பறியற ஆண்ட்டின்னு எனக்குப் பேர் வெச்சிருக்காளாம், ஆல்பர்ட் சொன்னான். வெக்கட்டும்.

ஆல்பர்ட்டைத் தெரியுமோல்லியோ உனக்கு? நாகர்கோவில் பையன். இங்க ஆம்பளை நர்ஸை பிரதர்னு கூப்பிடறா. அவனுக்குப் பகல் ட்யூட்டி. தெரியும்தான், நீதான் தினம் பாக்கறியே. சாரோட தம்பி வந்தா அவர் மொகமே மலர்ந்துடுது மாமின்னு அவன் சொல்லுவான்.

அப்புறம் ரெண்டாவது தடவை. நிறுத்தின மருந்து நிறுத்தினபடி இருக்கு, டயாலிஸிஸ்க்குக் கொண்டு போனா. மெஷின் ஓட ஆரம்பிச்சுக் கொஞ்ச நாழிதான், கட்டில் கடகடன்னு ஆடறது. அப்படி ஒரு நடுக்கம். மூணு கம்பளி போட்டும் அடங்கலை. பல்லு கிட்டிச்சுப் போச்சு. மெஷினை நிறுத்தினதும் மெள்ள மெள்ள அடங்கித்து. எனக்கு அப்போவே தோணித்து. சும்மா இருக்கறச்சே ஒண்ணும் இல்லை, குழாய்ல ரத்தம் ஓடினா நடுக்கம் வரது. அப்போ எதிரி எங்க உக்காந்திருக்கான்? குழாய்க்குள்ளதானே? ஸ்ம்ருதிகிட்ட சொன்னேன். அவளும் தலையை ஆட்டினா. மாமி, நானும் அதைத்தான் யோசிக்கறேன்னா.

மறுபடி ரெண்டு பாட்டில். இந்தத் தடவை ஸ்ம்ருதி பக்கத்துலயே நின்னுண்டா. அபிஷேக் குழாய் மூடியைத் தொடைச்சான் பாரு, வெள்ளிப் பாத்திரம் தேய்க்கற மாதிரி. கையிலேர்ந்து எடுக்கறச்சே புறங்கையில எடுத்தான், ஸ்பிரிட் காயற வரைக்கும் காத்திருந்து. ரெண்டு பாட்டிலும் கீழ போச்சு.

ரெண்டும் மணி அடிச்சுது. அதே மண்ணுக் கிருமி.

என்ன பத்ரி, தண்ணி வேணுமா? இரு, என் பாட்டில்லேர்ந்து குடி. தூக்கிக் குடி, போறும்.

இப்போ பெரிய டாக்டருக்கே குழப்பம். நேத்திக்கு ரவுண்ட்ஸ்ல எல்லாரும் நின்னுண்டு பேசினா, என்னை வெச்சுண்டே. ஒண்ணு, இது நிஜ நோய், கிருமி குழாய்ல குடி வெச்சுடுத்து. அப்படின்னா குழாயை எடுத்தே ஆகணும். மருந்து குடுத்தாலும் அது குழாய்க்குள்ள ஒட்டிண்டு ஒளிஞ்சுக்கும், திரும்பத் திரும்ப வரும், ஒரு நாள் ஆளையே கொண்டு போயிடும். இல்லையா, நம்ம ஆஸ்பத்திரி ஸ்பிரிட்லயோ பஞ்சுலயோ அந்தக் கிருமி இருக்கு, ரெண்டு பாட்டிலையும் அதுதான் கெடுத்துடுத்து. அப்படின்னா குழாய்மேல தப்பு இல்லை, அதை எடுத்தா இருக்கற ஒரே வாசலை நம்ம கையாலயே அடைச்ச மாதிரி. ரெண்டுல எதுன்னு தெரியாம கையை வெக்க முடியாதுன்னார் பெரிய டாக்டர். மண்ணுக் கிருமி இந்த சுத்தமான வார்டுக்குள்ள எங்கேர்ந்து வந்தது, அது தெரியணும் எனக்கு, அப்படின்னார்.

எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. சரியான கேள்வி. ரெண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னா மட்டும் போறாது, ரெண்டு பேரும் மொதநாள் ஒரே ஆத்துல காப்பி குடிச்சவாளான்னு பாக்கணும்.

நான் ஆல்பர்ட்டைப் பிடிச்சேன். ஏம்ப்பா, இந்த வார்டுல வேற யாருக்காவது இந்தக் கிருமி வந்திருக்கான்னு கேட்டேன். சொல்லக்கூடாது மாமின்னான். பேர் வேண்டாம்ப்பா, உண்டா இல்லையா, அது மட்டும் சொல்லுன்னேன். சுத்தி முத்தி பாத்துட்டு, இல்லை மாமி, உங்க சாருக்கு மட்டும்தான்னான். சோலி முடிஞ்சுது. ஸ்பிரிட் எல்லாருக்கும் ஒரே ஸ்பிரிட். பஞ்சு எல்லாருக்கும் ஒரே பஞ்சு. அபிஷேக் எல்லார் கையிலயும்தான் குத்தறான். எல்லாருக்கும் பொதுவா இருக்கறது உங்கண்ணாவுக்கு மட்டும் எப்படிக் கிருமியைக் குடுக்கும்?

அப்போ, இந்த ஒரு கட்டிலை மட்டும் தொடற கை யாரோடது? அதுதானே அடுத்த கேள்வி.

ரெண்டே பேர். ஒண்ணு நான். இன்னொண்ணு நீ.

கோவிச்சுக்காதே. மொதல்ல என்னைத்தான் சந்தேகப்பட்டேன், உன்னை இல்லை. ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சேன். துளசிச் செடிக்குத் தண்ணி விட்டுட்டுக் கையலம்பாம வந்தேனா? சேவிச்ச துளசியை அவர் வாயில போட்டேனா? பொடவைத் தலைப்பு குழாய்ல பட்டுதா? குழாய் இருக்கற பக்கமே நான் போறதில்லை, எனக்கு அதைப் பாக்கவே முடியாது. எடது பக்கம்தான் உக்காருவேன். அது உனக்கே தெரியும்.

நீ? நீ ஏதாவது தொட்டியா பத்ரி? குழாயை, ப்ளாஸ்டரை?

இல்லையா. சரி.

இல்லைங்கறே. சரின்னுட்டேனே. எதுக்கு அத்தனை தடவை தலையை ஆட்டறே?

கார்த்தால நீ வந்து அவருக்கு மொகம் தொடைச்சு விடறே, ஒடம்பு தொடைச்சு வேஷ்டி மாத்தறே, சஹஸ்ரநாமம் சொல்றே. எல்லாம் ஆல்பர்ட் சொன்னான். என்னைவிட நீ நன்னாப் பாத்துக்கறே, அதுல எனக்கு சந்தேகமே கெடையாது. நான் கல்யாணமாகி கிட்வாய் நகர் க்வார்ட்டர்ஸுக்கு வந்தப்போ நீ காலேஜ்ல சேந்திருந்தே. அண்ணா குளிச்சுட்டு வந்தா நீ கண்ணாடியைப் பிடிச்சுண்டு எதிர்ல நிப்பே. அவர் நெத்தி, மார், தோள், முதுகுன்னு பன்னெண்டு திருமண் நாமமும் இட்டுக்கற வரைக்கும் கை நோக நின்னுண்டிருப்பே. ஆபீஸ் போறவா எல்லாம் நெத்தியில ஒரு கீத்தோட நிறுத்திக்கறச்சே, உங்கண்ணா மட்டும் கோட்டுக்குள்ள பன்னெண்டும் இட்டுண்டு சாஸ்திரி பவனுக்கு பஸ் ஏறுவார். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், சட்டைக் காலரை அலசற எனக்குத் தெரியாதா.

ஆஸ்பத்திரிக்கு வந்த மொதநாளே என்னைக் கேட்டார். வத்சலா, திருமண் பெட்டியைக் கொண்டான்னு. ஆஸ்பத்திரில அதெல்லாம் கூடாது, வந்து இட்டுக்கலாம்னேன். அதுக்கு மூஞ்சியைச் சொவத்துப் பக்கம் திருப்பிண்டார் பாரு, அன்னிக்கு மாத்திரை முழுங்க வெக்கறதுக்குள்ள போறும் போறும்னு ஆயிடுத்து. மறுநாளும் கேட்டார். அதுக்கப்புறம் கேக்கலை. நானும் மறந்துட்டார்னு நெனச்சேன். அங்கதான் நான் கோட்டை விட்டேன். உங்கண்ணா ஒரு விஷயத்தைக் கேக்கறதை நிறுத்திட்டார்னா, அது கெடைச்சுடுத்துன்னு அர்த்தம். இத்தனை வருஷம் கூட இருந்து எனக்கு அது தோணலை.

எங்க எழுந்துக்கறே? உக்காரு. டாய்லெட்டா? அந்தப் பக்கம் இருக்கு. வேண்டாமா? அப்போ உக்காரு.

இன்னிக்குக் கார்த்தால நான் கெளம்பலை. வேணும்னேதான். ஆல்பர்ட் ப்ளாஸ்டர் மாத்தற நாள்னு தெரியும், நானும் பாக்கறேன்னு நின்னுண்டேன். அது கண்ணாடி மாதிரி ஒரு ப்ளாஸ்டர், உள்ள இருக்கறது தெரியும். ஆனா மேல் ஓரத்துல அதுக்கு மேல தோல் கலர்ல ஒரு துணி டேப்பு ஒட்டியிருந்தது, நீட்டா, கத்திரியால வெட்டி. ஆல்பர்ட் அதைத் தடவிப் பாத்துட்டு, மாமி, இந்த டேப்பு எங்க ஸ்டோர்லயே கெடையாதேன்னான். எனக்குத் தெரியும் அது எங்க இருக்கும்னு. ஜனக்புரி ஆத்துல, பூஜை அலமாரிக்குப் பக்கத்துல, உன் ஃபர்ஸ்ட் எய்ட் டப்பால. போன வருஷம் எனக்கு வெரல் வெட்டினப்போ நீ அதைத்தானே ஒட்டிவிட்டே.

அப்போகூட நான் உன் பேரை எடுக்கலை. டேப்பு ஒட்டினது குத்தமா? பிரிஞ்சிருந்தது, ஒட்டினேன்னு நீ சொல்லலாம்.

அவன் ப்ளாஸ்டரைப் பிரிச்சான். உள்ள வெள்ளையா ஏதோ பொடி, தோலோட ஒட்டிக் காஞ்சு கெடந்தது. குழாய் வெளிய வர எடம் வரைக்கும். மருந்துப் பொடி போலன்னான். நடுவுல மஞ்சளாத் தெரிஞ்சுதே, அதை பீட்டாடின்னு சொன்னான் பாவம். பீட்டாடின் வழிஞ்சு பரவும். இது பரவலை பத்ரி. நேரா, மெல்லிசா, நடு நெஞ்சுலேர்ந்து ஒரே ஒரு கீத்து, குச்சியால இழுத்த மாதிரி. திருமண்ணுக்கு நடுவுல இழுக்கற ஸ்ரீசூர்ணத்தைத் தவிர ஒலகத்துல எந்த மருந்து அப்படி நிக்கும்?

பன்னெண்டு திருமண்ணுக்கும் பன்னெண்டு பெருமாள் பேர், நெஞ்சுக்கு மாதவன். மாதவனுக்கு இடம் இல்லாம ப்ளாஸ்டர் பாதியை மறைச்சுண்டிருக்கு. பன்னெண்டுல ஒண்ணு கொறையறதேன்னு அவர் தவிச்சிருப்பார். நீ மெள்ள ஓரத்தைத் தூக்கி, இட்டுட்டு, மறுபடி ஒட்டி, பிரியாம இருக்க டேப்பும் போட்டிருக்கே. மீதி பதினொண்ணையும் யார் கண்ணுலயும் படறதுக்குள்ள தொடைச்சிருப்பே. எத்தனை ஜாக்கிரதை! அவருக்குக் கை நடுங்கறது, அவரால அப்படி நேரா இழுக்க முடியாது. எதிர்ல நின்னு இட்ட கை அது. எதிர்ல நின்னு பழக்கப்பட்ட ஆள் ஒருத்தர்தான்.

திருமண்ங்கறது என்ன? மண்ணு. எத்தனை சுத்தம் பண்ணினாலும் மண்ணு. அதை அந்த வாஷ்பேசின் தண்ணியில கொழைச்சு, குழாய் உள்ள போற ஓட்டைக்குப் பக்கத்துல.

உன் எடது கையைக் காட்டு. ரேகையெல்லாம் வெளுத்துக் கெடக்கு. இல்லை, இதை நான் சாட்சியா எடுத்துக்கலை. நீயும் தினம் இட்டுக்கறே, உன் கை வெளுத்துத்தான் இருக்கும். கையை எடுத்துக்கோ.

அழாதே. பத்ரி. எல்லாரும் பாக்கறா. அந்த சர்தார்ஜி ஏற்கெனவே திரும்பிப் பாத்தாச்சு. இந்தா, கர்ச்சீப். நான் உன்னைத் திட்டறதுக்குக் கூப்பிடலை. தெரியாம பண்ணினே. தெரிஞ்சிருந்தா உன் கையை வெட்டிண்டிருப்பே, எனக்குத் தெரியாதா.

மன்னி, அது பாட்டிலைக் கெடுத்திருக்குமோ, ரத்தத்துல போயிருக்காதோன்னு கேக்கறியா? நானும் அதைத்தான் மொதல்ல பிடிச்சுண்டு தொங்கினேன். ஒடம்பு பூரா மண்ணு பட்டிருக்கே, ஊசியில ஒட்டிண்டிருக்கும், அப்போ ரெண்டு சாட்சியும் ஒரே ஆத்துல காப்பி குடிச்சவாதான், குழாய் பொழைச்சுதுன்னு. பெருமாளே, அப்படியே இருக்கட்டும்னு வேண்டிண்டேன். ஆனா கணக்கு ஒத்து வரலை. கையில மதுசூதனனும் ஸ்ரீதரனும் மேல் கையோட சரி. அபிஷேக் குத்தினது புறங்கையில. அங்க பெருமாள் யாரும் இல்லை. அதுக்கு மேல அந்த நடுக்கம். பாட்டில்ல இருக்கற கிருமி கட்டிலை ஆட்டுமா? ஸ்ம்ருதியும் அதையேதான் சொன்னா. மாமி, இவன் வெளிய நிக்கலை, உள்ள போயிட்டான்.

ஆமா, சொல்லிட்டேன். சொல்லாம எப்படி? பெரிய டாக்டர் அது தெரியாமத்தான் கையைக் கட்டிண்டு நின்னுண்டிருந்தார். அபிஷேக்கை வேற வேலைய விட்டுத் தூக்கறதாப் பேசிண்டிருந்தா. கார்த்தாலயே ஸ்ம்ருதியைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்.

உள்ள ஸ்கேன் இல்லை பத்ரி. குழாயை எடுத்துண்டிருக்கா. தொடையில வேற வெச்சுட்டுக் கொண்டு வருவா. நான்தான் கையெழுத்துப் போட்டேன். நல்ல வேளை, கண்டுபிடிச்சோம், மருந்துக்கு அடங்கற கிருமிதான்னு பெரிய டாக்டர் சொன்னார். கை நரம்பு தயாராற வரைக்கும் தொடைக் குழாய் தாங்கணும். அதைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும். தாங்கலைன்னா அப்புறம் வாசலே இல்லை.

கேட்டா. யார் இட்டதுன்னு கேட்காம இருப்பாளா? அதுக்குன்னே ஒரு சிஸ்டர் இருக்கா, கிருமி பரவாம பாத்துக்கற சிஸ்டர், ரொம்பக் கறார். நான்தான் இட்டேன்னு சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கறே? நான்தான்னேன். ஸ்ம்ருதி நம்பினாளோ என்னமோ. ஆல்பர்ட் தரையைப் பாத்துண்டு நின்னான், அவனுக்குத் தெரியாதா கார்த்தால யார் இருக்கான்னு. ஆனா வாயைத் தெறக்கலை. என் சர்வீஸ்ல எத்தனையோ பேர் என் முன்னாடி இப்படிப் பொய் சொல்லியிருக்கா, எல்லாரையும் ரெண்டு கேள்வியில பிடிச்சுடுவேன். என்னை யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கலை.

உனக்காகன்னு நெனச்சுக்காதே. நன்னாக் கேட்டுக்கோ. அந்த சிஸ்டர் என் பாஸை வாங்கிண்டுட்டா. ப்ளாஸ்டரைத் தொட்ட ஆளை உள்ள விடமாட்டாளாம். இனிமே அவர் இருக்கப் போற வார்டுல ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாஸ். உன் பேரைச் சொல்லியிருந்தா உன்னை நிறுத்தியிருப்பா, நான் உள்ள இருந்திருப்பேன். அப்போ என்ன ஆகும்? கண்ணைத் தெறந்ததும் திருமண் எங்கேம்பார். நான் கூடாதும்பேன். சொவத்துப் பக்கம் திரும்பிப்பார். அப்புறம் ஒரு நாள் நான் கண் அசர்றச்சே நாகர்கோவில் பையனையோ, கூட்டறவளையோ, யாரையாவது பிடிச்சு இட்டுண்டுடுவார். உங்கண்ணா அப்படித்தான். பெருமாளைச் சேவிக்கவே விடாத ஆளு நான்னுதான் அவர் நெனப்பு. நான் சொன்னாக் கேக்கமாட்டார். நீ கண்ணாடியைப் பிடிச்சுண்டு நின்னவன். நெத்தியில மட்டும் இருந்தாப் போறும் அண்ணா, மீதி பதினொண்ணும் மனசுக்குள்ளன்னு நீ சொன்னா, சரிடாம்பார். இந்த ஒலகத்துல அதைச் சொல்லி அவரை நிறுத்தக் கூடிய ஆள் நீ ஒருத்தன்தான்.

சந்தேகப்பட்ட ஆள் கையிலயே சாவியைக் குடுக்கறது. ஆபீஸ்ல இதைப் பண்ணியிருந்தா என்னை சஸ்பெண்ட் பண்ணியிருப்பா.

இந்தா, உன் பேர்ல வாங்கின பாஸ். கழுத்துல மாட்டிக்கோ. நான் கீழ இருப்பேன், கேன்டீன் பக்கத்துல பெஞ்சு இருக்கு. இட்லியை மொதல்ல சாப்பிடு, உள்ள போனா நாழியாயிடும். கையை அந்தக் கொழாய்ல அலம்பாதே, சொவத்துல கிருமி மருந்து பம்பு வெச்சிருக்கா பார், அதால தேய்ச்சுக்கோ. ரேகைக்குள்ள எல்லாம் போகணும். கதவு தெறக்கறது, அவராத்தான் இருக்கும். கண்ணைத் தொடைச்சுக்கோ, உன் மூஞ்சியைத்தான் மொதல்ல பாப்பார்.

என்ன? ஓ. நான் கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டியா. குடு, இந்தத் திருமண் பெட்டி என்கிட்ட இருக்கட்டும். அப்பாவோட பெட்டின்னா இது, மூடியில சங்கு சக்கரம் போட்டிருக்கு. பத்திரமா வெச்சுக்கறேன். ஆத்துக்கு வந்தப்புறம் அவரே தெறக்கட்டும்.

பையில வேற ஒண்ணும் இல்லையே? இல்லையா. சரி, நம்பறேன்.

ஆனாலும் தெறந்து காட்டிட்டுப் போ.